எங்கே என்று தெரியும். என்ன என்றுதான் தெரியாது



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பத்திரத்தில் இரண்டு நிபந்தனைகள் உண்டு என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும்; இளநிலை முதலாண்டு மாணவருக்குப் புரிய வேண்டும். முதல் நிபந்தனை எளிது. இரண்டாவதை நிறைவேற்றினேனா என்பதைக் கடைசி வரிசையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பொருள், கரும்பொருள். அழைப்பிதழில் ஒரு மெய்யெழுத்து மாறி 'கருப்பொருள்' என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்தாரைக் குறை சொல்ல மாட்டேன். பெயரே தவறான பெயர்தான். கரிய பொருள் என்றால் ஒளியை விழுங்க வேண்டும். இதுவோ ஒளியை விழுங்குவதுமில்லை, திருப்பி அனுப்புவதுமில்லை. ஒளி அதன் ஊடாகத் தடையின்றிப் போய்விடுகிறது. கண்ணாடிகூட ஓரளவு பளபளக்கும். இது அதுவும் செய்யாது. எடை மட்டும் உண்டு.

கரும்பொருள் என்றதும் எல்லாரும் கேட்கும் கேள்வி, 'அது என்ன?' என்பது. அதற்கு இன்று யாரிடமும் விடை இல்லை. ஆகவே நான் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: அது எங்கே இருக்கிறது? விண்மீன் மண்டலங்களைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கிறது, எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு? இந்தக் கேள்விக்கு வியக்கத்தக்க அளவு விடை இருக்கிறது. என் வாதம் இவ்வளவுதான்: எங்கே என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தால், என்ன என்பதற்கான விடையில் பாதி கைக்கு வந்துவிடும்.

தெரியாத சங்கிலி

ஊர்த் திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் போய்விட்டது, ஆனால் ராட்டினம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஆளும் தெரியவில்லை, சங்கிலியும் தெரியவில்லை. உட்கார்ந்திருக்கும் பையன் கையிலிருக்கும் டார்ச் விளக்கு மட்டும் வட்டமடிக்கிறது. அந்த வெளிச்சப் புள்ளி எவ்வளவு பெரிய வட்டத்தில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அளந்தால் போதும். பையனின் எடையும் தெரிந்துவிட்டால், சங்கிலி எவ்வளவு விசையோடு அவனை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். சங்கிலியைப் பார்க்கவே வேண்டியதில்லை.

வானத்தில் சங்கிலிக்குப் பெயர் ஈர்ப்பு. சூரியக் குடும்பத்தில் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவில், சூரியனில் இருக்கிறது. அதனால் தள்ளிப் போகப் போக வேகம் குறைகிறது. புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர், பூமி 30, கடைசியில் இருக்கும் நெப்டியூன் ஐந்தரைக்கும் சற்றுக் குறைவு. விண்மீன் மண்டலத்திலும் வெளிச்சம் நடுவில்தான் குவிந்திருக்கிறது. வெளிச்சம் எங்கேயோ அங்கேதான் எடையும் என்றால், ஓரத்து விண்மீன்கள் நெப்டியூனைப்போல நிதானமாகச் சுற்ற வேண்டும்.

அமெரிக்காவில் கார்னகி நிறுவனத்தில் பணியாற்றிய வேரா ரூபின் இதைத்தான் அளக்கப் புறப்பட்டார். கூட இருந்த கென்ட் ஃபோர்டு கருவி செய்வதில் கெட்டிக்காரர். மங்கலான ஒளியையும் பெருக்கிப் பதிவு செய்யும் நிறமாலைக் கருவியை உருவாக்கியிருந்தார். இருவரும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் 67 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாமே இளம் விண்மீன்களால் சூடேறி ஒளிரும் வாயு மேகங்கள். ஒவ்வொன்றின் நிறமாலைக் கோடும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ரயில் நெருங்கும்போது ஊதல் கீச்சென்றும், விலகும்போது தடித்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். ஒலிக்குப் பதில் ஒளி. மையத்திலிருந்து ஏறத்தாழ 78,000 ஒளியாண்டு வரை அளந்து 1970இல் வெளியிட்டார்கள். குறைய வேண்டிய வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. 1980இல் அவர்களும் நார்பர்ட் தொன்னார்டும் 21 சுருள் மண்டலங்களின் அளவீட்டை ஒன்றாக வெளியிட்டார்கள். எல்லாவற்றிலும் அதே கதை.

விண்மீன்கள் முடிந்த பிறகும் ஹைட்ரஜன் வாயு தொடர்கிறது. அது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலை வீசும். மார்ட்டன் ராபர்ட்ஸும் ராபர்ட் வைட்ஹர்ஸ்டும் 1975இல் ஆண்ட்ரோமீடாவில் அதைப் பின்தொடர்ந்தார்கள். ஆல்பர்ட் பாஸ்மா 1978இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கிகளைக்கொண்டு பல மண்டலங்களில் செய்து, அதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். வெளிச்சம் முடிந்து வெகுதூரம் போன பிறகும் வேகக்கோடு மட்டமாகவே போனது. அங்கே இழுத்துப் பிடிக்கும் சங்கிலி இருக்கிறது; சங்கிலியைக் கட்டிய கம்பத்தைத்தான் காணோம்.

வெங்காயக் கணக்கு

கரும்பலகை வேண்டாம், வாயாலேயே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சுற்றுப்பாதைக்குள் அடங்கிய எடை, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கியதற்கு நேர் விகிதம். வேகம் மாறவில்லை என்றால், ஆரம் இரட்டித்தால் எடையும் இரட்டிக்க வேண்டும். மும்மடங்கானால் எடையும் மும்மடங்கு. அதாவது, ஒரே தடிமனுள்ள வெங்காயத் தோல்களாக மண்டலத்தைப் பிரித்தால், உள்தோலும் வெளித்தோலும் ஒரே எடை. வெளித்தோல் பரப்பில் பெரியது. அதே எடையை அவ்வளவு பரப்பில் விரித்தால் மெலிந்துதானே போகும்? தூரம் இரட்டித்தால் அடர்த்தி நாலில் ஒன்று. கரும்பொருளின் பரவலைப்பற்றி நமக்குக் கிடைத்த முதல் விதி இதுதான். கண்ணால் காணாத ஒன்றைப்பற்றி, இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரு விதி.

இந்தப் பரவலுக்கு 'ஹாலோ' என்று பெயர். 'ஒளிவட்டம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அதில் இரண்டு பிழை: ஒளியும் இல்லை, வட்டமும் இல்லை. ஏறக்குறைய உருண்டை வடிவில் பரந்த இருட்டு அது. நான் ஹாலோ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவு மனத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு மாதிரி. நம் பால்வீதியின் தட்டு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு அகலம், ஓராயிரம் ஒளியாண்டு தடிமன். அதை 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தோசையாகச் சுருக்குங்கள். தடிமன் 3 மில்லிமீட்டர் வரும், தோசைக்குச் சரியான கனம். சூரியன் நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில், மையத்திலிருந்து 8 சென்டிமீட்டரில் ஒரு தூசு. இப்போது இந்தத் தோசையை நாலு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஓர் அறையின் நடுவில் தொங்கவிடுங்கள். அறை முழுவதும் ஹாலோ. பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமீடா, ஏழரை மீட்டர் தள்ளி இன்னோர் அறையின் நடுவில். எடையைப் பார்த்தால், அறையும் தோசையும் சேர்ந்து ஏறத்தாழ 1 லட்சம் கோடி சூரியன்கள். விண்மீன்கள் மட்டும் 5,000 முதல் 6,000 கோடி சூரியன்கள். வாயுவைச் சேர்த்தாலும் தோசையின் பங்கு சுமார் பதினைந்தில் ஒன்று.

மாணவர்கள் வழக்கமாக இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: 'அவ்வளவு கரும்பொருள் இருந்தால் நம்மைச் சுற்றியும் இருக்க வேண்டுமே, சார்?' இருக்கிறது. நாம் இருக்கும் பகுதியில் அதன் அடர்த்தி, மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை அளவு. பூமி என்ற இந்தப் பெரிய உருண்டைக்குள் எந்த நேரத்திலும் இருக்கக்கூடிய கரும்பொருள் எல்லாவற்றையும் தராசில் வைத்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். நெப்டியூன் பாதை வரையிலான சூரியக் குடும்பம் முழுவதையும் எடுத்தால், 50 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சிறுகோளின் எடை. சூரியனுக்குப் பக்கத்தில் அது எங்கே எடுபடும்? அதன் பலமெல்லாம் பரப்பில். மழைத்துளி ஒன்றுக்கு எடை இல்லை; ஏரி நிறைந்தால் கரை உடைகிறது.

ஏன் தட்டையாகவில்லை?

சாதாரணப் பொருள் தோசையாகிவிட்டது. கரும்பொருள் மட்டும் ஏன் உருண்டையாக நிற்கிறது? வாயு மேகங்கள் மோதிக்கொள்ளும், மோதினால் சூடாகும், சூட்டை ஒளியாக வெளியே விடும். இப்படி ஆற்றலை இழந்து இழந்து நடுவை நோக்கி இறங்கும். சுழற்சியை மட்டும் இழக்க முடியாது. அதனால் சுழலும் தட்டாகப் படிந்துவிடுகிறது. கரும்பொருளுக்கு ஒளிவிடத் தெரியாது. ஒன்றின் ஊடாக ஒன்று போய்விடுவதால் மோதலும் இல்லை. ஆற்றலை விட வழியில்லாததால் இறங்கவும் வழியில்லை, பரந்தபடியே சுற்றிக்கொண்டிருக்கிறது. பாருங்கள், இது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடப்போய், என்ன என்பதில் ஒரு துண்டு கிடைத்துவிட்டது: ஒளியோடு உறவு இல்லாத பொருள்.

தோசைக்கும் இந்த அறை தேவை. ஜெர்மையா ஆஸ்ட்ரைக்கரும் ஜேம்ஸ் பீபிள்ஸும் 1973இல் கணினியில் ஒரு தட்டைச் சுழலவிட்டுப் பார்த்தார்கள். தட்டு மட்டும் தனியாக இருந்தால் சீக்கிரமே குலைந்து நீள்கட்டை வடிவமாகிவிடுகிறது. சுற்றிலும் கனமான ஹாலோவை வைத்தால் அமைதியாகச் சுற்றுகிறது.

ஹாலோவுக்குள் நுழையும் சிறு மண்டலம் என்னவாகும்? இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1943இல் ஒரு கட்டுரை எழுதினார். விண்மீன் கூட்டத்தின் ஊடே கனமான பொருள் ஒன்று போனால், அதன் ஈர்ப்பு சுற்றியுள்ளவற்றைப் பின்னால் இழுத்துக் குவிக்கும். அந்தக் குவியல் பின்னாலிருந்து இழுத்து அதன் வேகத்தைத் தணிக்கும். உரசாமலே உராய்வு. அவர் எழுதியபோது கரும்பொருள் ஹாலோ என்ற கருத்தே நிலைபெறவில்லை. இன்று, நம் அறைக்குள் தோசையின் மையத்திலிருந்து அரை மீட்டரில் மிதக்கும் பெரிய மெகல்லன் மேகத்தின் பயணத்தைக் கணிக்க அந்தச் சமன்பாடுதான் துணை. அந்த மேகம் பின்னால் விட்டுவந்த குவியலின் சுவடு, ஹாலோவின் தொலைதூர விண்மீன்களின் பரவலில் தென்படுவதாக 2021இல் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது.

கூம்பா, மேடையா?

வெங்காயக் கணக்கு முதல் வரைபடம்; இறுதி வரைபடம் அல்ல. நவாரோ, ஃப்ரெங்க், வைட் மூவரும் கணினியில் பேரண்டத்தை வளரவிட்டு, அதில் உருவான ஹாலோக்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். 1996, 1997 ஆண்டுகளில் வெளிவந்த அவர்களது முடிவு ஒரே ஒரு வளைகோடு. குறு மண்டலமானாலும் ஆயிரம் மண்டலங்கள் சேர்ந்த கொத்தானாலும் அதே வடிவம். நடுப்பகுதியில் தூரம் பாதியானால் அடர்த்தி இரட்டிக்கும். வெளிப்புறத்தில் தூரம் இரட்டித்தால் அடர்த்தி எட்டில் ஒன்றாகும். இடைப்பட்ட பகுதியில் நம் வெங்காய விதி. பால்வீதியிலும், சூரியனைத் தாண்டிப் போகப் போகச் சுழற்சி வேகம் மெல்லக் குறைவதை விண்மீன் அளவீடுகள் காட்டுகின்றன.

சிக்கல் நடுவில்தான். வளைகோட்டின்படி அடர்த்தி மையத்தில் நெல் அம்பாரம்போலக் கூம்பாக ஏற வேண்டும். இதைச் சோதிக்கச் சிறந்த இடம் குறு மண்டலங்கள். அங்கே விண்மீன்கள் குறைவு, கரும்பொருளின் ஆட்சி மையம் வரை உண்டு. 1994இலேயே, ஃப்ளோரஸும் பிரைமேக்கும் சேர்ந்தும், பென் மூர் தனியாகவும், பல குறு மண்டலங்களின் நடுவில் கூம்பு இல்லை, சமமான மேடைதான் இருக்கிறது என்று காட்டியிருந்தார்கள். புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்கள் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. ஜிஎம்ஆர்டி என்ற அந்தத் தொலைநோக்கியும் மிக மங்கலான குறு மண்டலங்களின் ஹைட்ரஜனை அளந்திருக்கிறது.

கூம்பு எப்படி மேடையானது? இரண்டு விளக்கங்கள் நிற்கின்றன. ஒன்று, விண்மீன்களின் வேலை. பெரிய விண்மீன்கள் வெடிக்கும்போது நடுவிலுள்ள வாயு வெளியே வீசப்படும். ஈர்ப்பு சட்டென்று தளரும். கரும்பொருள் துகள்களின் பாதை விரியும். வாயு திரும்பி வரும், மறுபடி வெடிக்கும். ஒவ்வொரு முறையும் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட, கூம்பு சரிந்து மேடையாகும். போன்ட்சனும் கவர்னாட்டோவும் 2012இல் இதைக் கணக்காகக் காட்டினார்கள். இன்னொன்று, கரும்பொருள் துகள்கள் தங்களுக்குள் எப்போதாவது மோதிக்கொள்கின்றன என்பது. ஸ்பெர்கலும் ஸ்டைன்ஹார்ட்டும் 2000இல் சொன்னது. முதல் விளக்கம் சரியென்றால் மேடை விண்மீன்களைப்பற்றிய செய்தி. இரண்டாவது சரியென்றால் அது கரும்பொருளின் குணத்தைப்பற்றிய செய்தி. ஒரு வளைகோட்டின் நுனி எப்படி மழுங்கியிருக்கிறது என்பதில் இவ்வளவு பெரிய வழக்கு அடங்கியிருக்கிறது.

இன்னொரு வழக்கு, கட்டிகளைப்பற்றியது. ஹாலோ வழுவழுப்பான மாவாக இருக்காது, உள்ளே ஏராளமான சிறு ஹாலோக்கள் கட்டிகட்டியாக இருக்கும் என்கிறது கணினி. 1999இல் இரண்டு குழுக்கள் எண்ணிப் பார்த்தபோது, நம்மைச் சுற்றி நூற்றுக்கணக்கில் குறு மண்டலங்கள் இருந்தாக வேண்டும் என்று வந்தது. அன்று தெரிந்தவையோ பத்துப் பன்னிரண்டு. அதன் பிறகு புதிய கணக்கெடுப்புகளில் ஐம்பதுக்கு மேல் கிடைத்துவிட்டன. மீதியில் பல, வாயுவைப் பிடித்துவைக்கப் போதிய எடை இல்லாமல் விண்மீனே பிறக்காத மலட்டு ஹாலோக்களாக இருக்கலாம். அவற்றையும் தேடுகிறார்கள். ஜிடி-1 என்ற மெல்லிய விண்மீன் இழையில் ஓர் இடைவெளியும் பக்கவாட்டில் ஒரு பிசிறும் இருப்பதை கையா விண்கலத்தின் அளவீடுகள் காட்டின. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டி அதன் வழியே புகுந்து போயிருக்கலாம்.

மறுப்பவர்களுக்கு மரியாதை

கரும்பொருளே இல்லை, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்று 1983இல் சொன்னவர் இஸ்ரேலைச் சேர்ந்த மோர்டெஹாய் மில்க்ரோம். மிக மெல்லிய ஈர்ப்பில் விதி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், தனி மண்டலங்களின் சுழற்சி அழகாகப் பொருந்துகிறது. இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தீர்ப்பு எடை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. புல்லட் கொத்து என்ற இடத்தில் இரண்டு மண்டலக் கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போயிருக்கின்றன. அங்கே சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயு. அந்த வாயு மோதி, சூடேறி, நடுவில் பின்தங்கி நிற்பதைச் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி படம் பிடித்தது. ஆம், நம் சந்திரசேகர் பெயரில் 1999இல் ஏவப்பட்டதுதான். பின்னணி மண்டலங்களின் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்து எடையின் வரைபடத்தை வரைந்தபோது, எடை வாயுவோடு இல்லை. இருபுறமும் முன்னே போய்விட்டிருந்தது. 2006இல் வெளியான முடிவு இது. விதியை மட்டும் திருத்தினால், எடை ஏன் இடம் மாறி நிற்கிறது என்பதற்குச் சமாதானம் சொல்வது கடினம். என் வாக்கு அதனால் கரும்பொருளுக்கே.

அதே சமயம் கரும்பொருள் தரப்புக்கும் கூச்சம் வேண்டும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், தரைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே 10 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு ஒரு துகளாவது மோதுமா என்று காத்திருக்கிறார்கள். 2024இல் வெளியிட்ட முடிவு வரை, ஒன்றும் மோதவில்லை. ஆய்வகம் கைவிரிக்கும்போது வரைபடத்தின் மதிப்பு கூடுகிறது. துகள் நம் கைக்கு வராமலே போகலாம். அது எங்கே திரண்டிருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, நடுவில் கூம்பா மேடையா, எவ்வளவு சிறிய கட்டி வரை உண்டு என்ற நான்கும் தெரிந்தால், எந்தத் துகளாக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிடலாம்.

மாணவர்களுக்கு

சிலி நாட்டு மலை ஒன்றில், வேரா ரூபின் பெயர் தாங்கிய வானாய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. பத்தாண்டுகள் தென்வானத்தை மறுபடி மறுபடி படமெடுக்கப்போகிறது. அதற்குள் உங்களில் சிலர் முனைவர் பட்டமும் வாங்கியிருப்பீர்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஸ்பார்க் என்ற பெயரில் 175 மண்டலங்களின் சுழற்சி வேகங்கள் 2016 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு சின்ன அட்டவணை: ஆரம், வேகம், அளவீட்டுப் பிழை, கூடவே விண்மீனும் வாயுவும் மட்டும் இருந்தால் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கு. உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கணினி போதும். வரைபடத்தாளும் பென்சிலும் இருந்தால்கூடப் போதும். ஒரு மண்டலத்தை எடுத்து இரண்டு கோடுகளையும் வரையுங்கள். கணக்கிட்ட கோடு கீழே இறங்கும். அளந்த கோடு மட்டமாகப் போகும். இடையில் விரியும் அந்த இடைவெளிதான் கரும்பொருள். 1970இல் ரூபின் எதிர்கொண்ட அதே கேள்வி உங்கள் பென்சில் நுனியில் இருக்கும்.

அடுத்த ஆண்டு இந்த மேடையில் யார் பேசினாலும், உங்களில் ஒருவர் வரைந்த அந்த வரைபடம் இந்த அரங்கின் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். துறைத் தலைவரிடம் நான் வைக்கும் வேண்டுகோள் அது ஒன்றுதான்.